மாமா கொடுத்த 5 அலுமினிய சிலிண்டர்கள்: டெஸ்ட்டுக்குக் கொடுப்பதா, ஓட்டை போட்டு எடைக்குப் போடுவதா?

அலைவிரும்பி

வணக்கம். மாமா டைவிங்கை விட்டுப் பல வருடம் ஆகிறது. போன வாரம் அவருடைய ஷெட்டைக் காலி செய்யப் போனேன். மூலையில் ஐந்து அலுமினிய ஸ்கூபா சிலிண்டர்கள். "உனக்குத்தானே இந்தப் பைத்தியம், எடுத்துக்கிட்டுப் போ" என்றார். நானும் யோசிக்காமல் வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன்.

சிலிண்டரின் தோளில், அதாவது கழுத்துக்குக் கீழே, அடித்திருக்கும் எழுத்துகளைத் தேய்த்துப் படித்த வரையில்:

மஞ்சள்: "இ6498", 3000 (பிஎஸ்ஐ கணக்கில் நிரப்பும் பிரஷர்), முதல் தேதி 1979.
சாம்பல்: லக்ஸ்ஃபர் (செய்த கம்பெனி), டிஓடி-3ஏஎல்3000, 1986.
நீலம்: கேட்டலினா, 3ஏஎல்3000, 1993. அடியில் உள்ள ரப்பர் பூட் கழற்ற வரவில்லை.
கறுப்பு: லக்ஸ்ஃபர், 1999. புதிது போல மின்னுகிறது. மாமா எங்கேயோ கொடுத்து பவுடர் கோட்டிங் போட்டிருக்கிறார்.
வெள்ளை: 2005. இதில் இன்னும் காற்று இருக்கிறது. கடைசி ஹைட்ரோ (தண்ணீர் பிரஷர் சோதனை) 2010.

ஐந்தையும் ஹைட்ரோவுக்குக் கொடுத்தால் ஆகும் செலவில் நல்ல பழைய சிலிண்டர் ஒன்றிரண்டு வாங்கிவிடலாம் போலிருக்கிறது. ஆனால் தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. எதைக் கொடுக்கலாம், எதை விடலாம்?

சுறாமீசை

ஐந்தையும் எடைக்குப் போடு. விஷயம் முடிந்தது.

அலைவிரும்பி

அண்ணா, காரணம் சொன்னால் மாமாவிடம் சொல்ல வசதியாக இருக்கும் :)

மூச்சுக்குமிழ்

சுறாமீசை எப்போதும் இப்படித்தான், கண்டுகொள்ளாதீர்கள் தம்பி. ஆனால் ஐந்தில் இரண்டுக்கு அவர் சொல்வதுதான் என் பதிலும்.

சிலிண்டரின் வயதைவிட முக்கியம், அது எந்த உலோகக் கலவையில் செய்தது என்பது. பழைய அலுமினிய சிலிண்டர்களில் பெரும்பாலானவை 6351 என்ற கலவை. இப்போது வருபவை 6061. லக்ஸ்ஃபர் தன் அமெரிக்க ஆலையில் 1987, 88 வாக்கில் ஒவ்வொரு அளவு சிலிண்டராக 6061க்கு மாறியது. வால்டர் கிடே என்ற கம்பெனி 1980களின் இறுதி வரை 6351லேயே செய்தது. கேட்டலினா தொடங்கிய நாளிலிருந்தே 6061தான், 6351ஐத் தொட்டதே இல்லை. வேறு நாட்டு ஆலைகளில் இந்த மாற்றம் இன்னும் தாமதமாக நடந்தது. அதனால் தேதியை மட்டும் பார்த்து முடிவு செய்யக் கூடாது, யார் எங்கே செய்தது என்றும் பார்க்க வேண்டும்.

உங்கள் மஞ்சளும் சாம்பலும் 6351. "இ6498" என்பது 3ஏஎல் என்ற தர வரையறை வருவதற்கு முன்னால் சிறப்பு அனுமதியில் செய்த சிலிண்டர். அதைப் பார்த்தாலே 6351 என்று வைத்துக்கொள்ளலாம். நீலம், கறுப்பு, வெள்ளை மூன்றும் 6061.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று. வெள்ளையில் காற்று இருக்கிறது என்றீர்கள். வால்வைக் கொஞ்சமாகத் திறந்து மெதுவாக வெளியேற்றுங்கள், அவசரம் வேண்டாம். மற்ற நான்கும் காலி என்று எப்படித் தெரிந்தது?

அலைவிரும்பி

வால்வைத் திறந்தேன், சத்தமே வரவில்லை. அதனால்...

மூச்சுக்குமிழ்

சத்தம் வராததால் காலி என்று சொல்ல முடியாது. வால்வுக்கு உள்ளே ஒரு சின்னக் குழாய் இறங்கியிருக்கும். அலுமினியம் அரித்து வரும் வெள்ளைத்தூள் சேர்ந்து அது அடைத்திருந்தால், உள்ளே முழு பிரஷர் இருந்தாலும் வெளியே ஒன்றும் வராது. வால்வைக் கழற்றும்போது முதல் சுற்றிலிருந்தே கல் மாதிரி இறுகியிருந்தால் விட்டுவிடுங்கள். அரித்து ஒட்டிய இறுக்கமா, பிரஷர் தள்ளும் இறுக்கமா என்று கைக்குத் தெரியாது. சோதனை செய்கிற இடத்தில் அதற்கான பிடியும் பழக்கமும் இருக்கும். வால்வின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு எதுவும் செய்யாதீர்கள்.

பாசிப்பாறை

6351 என்றதும் எல்லோரும் அணுகுண்டைப் பார்த்ததுபோல் ஓடுவது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. என்னிடம் 1984ல் செய்த ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு முறையும் எடி கரண்ட் (மின்னோட்டம் வைத்து விரிசல் தேடும் சோதனை) பார்த்து, ஹைட்ரோ பார்த்து, பாஸ் ஆகி வருகிறது. 6351ஐ யாரும் தடை செய்யவில்லை. சோதனை செய்து பயன்படுத்து என்றுதான் விதி சொல்கிறது. நல்ல சாமானை வதந்திக்குப் பயந்து வெட்டிப் போடுவதா?

கணக்குப்புலி

பாசிப்பாறை சொல்வதில் பாதி சரி. மீதிப் பாதிக்கு, அந்தக் கலவையில் என்னதான் கோளாறு என்று பார்க்க வேண்டும்.

6351ல் வரும் பிரச்சினை, தொடர்ந்து பாரம் தாங்குவதால் விழும் விரிசல். நிரப்புவதும் காலி செய்வதும் மாறி மாறி நடப்பதால் வரும் உலோகக் களைப்பு வேறு, இது வேறு. சிலிண்டரை நிரப்பிச் சும்மா மூலையில் நிறுத்தி வைத்திருந்தாலும் வளரும். உலோகத்துக்குள் இருக்கும் நுண்ணிய மணிகளுக்கு இடையே உள்ள எல்லைகளில் ஊர்ந்து போகும். ஈயம் போன்ற அசுத்தங்கள் துளி அளவுக்குக் கலந்திருந்தாலே வேகம் கூடும். கழுத்தின் மரையிலும் தோள் உள்பக்கத்திலும்தான் தொடங்கும்.

நல்ல செய்தி, இது மிக மெதுவாக வளரும் விரிசல். தொடக்கத்திலிருந்து ஆபத்தான நீளம் வரப் பல ஆண்டுகள் ஆகும். ஆகவே ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒழுங்காகப் பார்த்தால் கண்ணில் பட்டுவிடும்.

கெட்ட செய்தி, ஹைட்ரோ இதைப் பிடிக்காது. ஹைட்ரோ என்ன செய்கிறது? சிலிண்டரைத் தண்ணீரால் நிரப்பி, தண்ணீர் உள்ள இன்னொரு பெரிய கலத்துக்குள் இறக்கி மூடுகிறார்கள். 3000 பிஎஸ்ஐ சிலிண்டரை 5000 வரை ஏற்றுகிறார்கள், அதாவது வேலை பிரஷரைப் போல 5/3 மடங்கு. சிலிண்டர் வீங்கும்போது வெளியே உள்ள தண்ணீர் எவ்வளவு தள்ளப்படுகிறது என்று அளக்கிறார்கள். பிரஷரை இறக்கியதும் பழைய அளவுக்குத் திரும்ப வேண்டும். மொத்த வீக்கத்தில் 10 சதவீதத்துக்கு மேல் திரும்பாமல் நின்றுவிட்டால் சிலிண்டர் அவுட். இது சுவரின் நெகிழ்வை அளக்கும் சோதனை. கழுத்து மரையில் ஒரு மயிரிழை விரிசல் இருந்தால் வீக்கக் கணக்கில் ஒன்றும் தெரியாது. ஹைட்ரோவில் ஜம்மென்று பாஸ் ஆகிவிட்டு, பிறகு காற்றடிக்கும்போது கழுத்து போன கதை நடந்திருக்கிறது.

அதனால்தான் அமெரிக்கப் போக்குவரத்துத் துறை (டிஓடி) 2006ல் விதி கொண்டுவந்து, 2007 தொடக்கத்திலிருந்து 6351 ஸ்கூபா சிலிண்டர்களுக்கு ஹைட்ரோவோடு எடி கரண்ட் சோதனையையும் கட்டாயமாக்கியது. கழுத்துக்குள் ஒரு சுருளை மரையோடு சுற்றி இறக்குவார்கள். விரிசல் இருந்தால் மின்னோட்டத்தின் பாதை மாறும், கருவி துள்ளும். பாஸ் ஆனால் சோதனைத் தேதிக்குப் பக்கத்தில் "விஇ" என்று அடிப்பார்கள். பாசிப்பாறையின் சிலிண்டரில் அது இருக்கும்.

பாசிப்பாறை

இருக்கிறது. அதைத்தானே நானும் சொல்கிறேன். பார்த்துப் பார்த்துப் பயன்படுத்தினால் என்ன குறை?

காற்றடிக்கும் அக்கா

குறை என்னவென்று நான் சொல்கிறேன். பதினோரு வருடமாக கம்ப்ரசர் பக்கத்தில் நிற்கிறேன்.

நீங்கள் அந்த சிலிண்டரோடு கடலுக்குள் இருக்கும்போது பிரஷர் ஏறுவதே இல்லை, இறங்கிக்கொண்டுதான் இருக்கும். சிலிண்டர் அதிகபட்சப் பாரத்தைச் சந்திக்கும் நேரம், நான் அதை நிரப்பும் நேரம். இரண்டாயிரத்து இருநூறு லிட்டர் காற்றைப் பதினோரு லிட்டர் இடத்துக்குள் திணித்துக்கொண்டிருப்பேன், நீங்கள் வெளியே போனில் பேசிக்கொண்டிருப்பீர்கள். வெடித்தால் கை போவது எனக்கு. "விஇ" முத்திரை இருக்கிறதே என்று நீங்கள் சொல்லலாம். அந்த எடி கரண்ட் பார்த்தவர் ஒழுங்காகப் பார்த்தாரா என்று எனக்கு எப்படித் தெரியும்?

அதனால் நான் 6351க்குக் காற்றடிப்பதில்லை. விதி அனுமதிக்கிறதா என்பது வேறு. எனக்குத் தெரிந்த பல நிரப்புமிடங்களிலும் இதே நிலைதான். 1990க்கு முந்தைய தேதி கண்ணில் பட்டாலே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

தம்பி, உங்கள் கேள்வியில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது. "பாஸ் ஆகுமா" என்று கேட்கிறீர்கள். பாஸ் ஆன பிறகு யார் நிரப்புவார்கள் என்று முதலில் கேளுங்கள். வழக்கமாக நிரப்புகிற இடத்துக்கு ஒரு போன் போட்டு, "1986 லக்ஸ்ஃபர், டெஸ்ட் முடித்துக் கொண்டுவந்தால் அடிப்பீர்களா" என்று கேட்டுவிட்டு அப்புறம் டெஸ்ட்டுக்குச் செலவு செய்யுங்கள்.

பாசிப்பாறை

சரி அக்கா, இதற்கு என்னிடம் பதில் இல்லை. என்னிடம் சொந்தமாக கம்ப்ரசர் இருக்கிறது, நானேதான் அடித்துக்கொள்கிறேன். என் கை, என் பாடு. எல்லோருக்கும் அது பொருந்தாதுதான்.

சுறாமீசை

நான் முதல் வரியில் சொன்னதைச் சொல்ல உங்களுக்கு இத்தனை பதிவு.

மூச்சுக்குமிழ்

இல்லை மீசை, நீங்கள் ஐந்தையும் போடச் சொன்னீர்கள். கேட்டலினாவை ஏன் போட வேண்டும்? அலுமினிய சிலிண்டருக்கு ஆயுள் தேதி என்று எதுவும் கிடையாது. மேலே நார் சுற்றிய சிலிண்டர்களில் பல 15 வருடத்தோடு முடிந்துவிடும், இது அப்படியில்லை. சோதனையில் தேறும்வரை ஓடும். 30 வருடம் தாண்டிய 6061 சிலிண்டர்கள் சாதாரணமாகப் புழக்கத்தில் இருக்கின்றன.

எடி கரண்ட் பற்றி இன்னொன்று. அதை 6061க்கும் பார்க்கிறேன் என்று சிலர் பணம் வாங்குவார்கள். தேவையில்லை. மரை வெட்டிய கருவியின் தடம், கழுத்தில் உலோகம் மடிந்த இடம், எல்லாவற்றுக்கும் கருவி துள்ளும். நல்ல சிலிண்டரை விரிசல் என்று ஒதுக்கிவிட்டுப் போவார்கள். 6061க்குக் கண்ணால் பார்ப்பதும் ஹைட்ரோவும் போதும்.

அலைவிரும்பி, ஹைட்ரோவுக்குக் கொடுக்கும் முன் கண் சோதனையை முதலில் செய்யச் சொல்லுங்கள். வால்வைக் கழற்றி உள்ளே விளக்கு விட்டுப் பார்ப்பதற்கு ஆகும் செலவு குறைவு. அதிலேயே போய்விட்டால் ஹைட்ரோ செலவு மிச்சம். நீலத்தின் அடியில் உள்ள ரப்பர் பூட்டைக் கட்டாயம் கழற்றுங்கள். அதற்குள் உப்புத் தண்ணீர் தங்கும், அங்கேதான் அலுமினியம் சத்தமில்லாமல் அரிக்கும். வெந்நீர் ஊற்றி ஊறவைத்தால் பூட் இளகி வரும். வெள்ளைத்தூள் இருந்தால் சுரண்டாமல் மென்மையாகத் தேய்த்து எடுங்கள். தூள் குவிந்து நின்று குழியின் ஆழத்தை மறைத்துவிடும், சுத்தம் செய்த பிறகுதான் அளக்க முடியும்.

கறுப்பைப் பற்றி எனக்குத்தான் வருத்தம். அந்தக் கோட்டிங் எப்படிப் போட்டது என்று மாமாவிடம் கேளுங்கள்.

அலைவிரும்பி

கேட்டேன். "பைக் பாகங்களுக்குப் பவுடர் அடிக்கிற ஆளிடம் கொடுத்தேன், அடுப்பில் வைத்து எடுத்துக் கொடுத்தான், எவ்வளவு அழகா இருக்கு பார்" என்கிறார். பெருமையாகத்தான் சொன்னார்.

கணக்குப்புலி

அய்யோ.

6061 கலவைக்கு அந்த வலிமை வருவதே சூட்டுப் பதத்தால்தான். அலுமினியக் கட்டையை அச்சில் அழுத்தி உருவாக்கி, சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்து, பிறகு குறிப்பிட்ட சூட்டில் பல மணி நேரம் வைத்துப் பதப்படுத்துகிறார்கள். "டி6" என்பது அந்தப் பதத்தின் பெயர். மறுபடி அதே அளவு சூட்டில் வைத்தால் பதம் கெடும், உலோகம் இளகும். 350 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது சுமார் 177 டிகிரி செல்சியஸ், அதைத் தாண்டிய அலுமினிய சிலிண்டரை ஒதுக்க வேண்டும் என்பது விதி. பவுடர் கோட்டிங் அடுப்பு பெரும்பாலும் 180, 200 என்றுதான் ஓடும். சிலிண்டர் பார்க்க அழகாக இருக்கும், உள்ளே பதம் போயிருக்கும்.

அலைவிரும்பி

ஹைட்ரோ வைத்துப் பார்த்தால் தெரியாதா? இளகியிருந்தால் வீங்கித் திரும்பாமல் நிற்குமே?

கணக்குப்புலி

நன்றாக இளகியிருந்தால் தெரியும். ஓரளவு இளகியிருந்தால் 10 சதவீதத்துக்குள் நழுவிப் போகலாம். எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம் என்று யாருக்கும் தெரியாத சிலிண்டருக்கு ஹைட்ரோ ஜாமீன் கொடுக்காது. அடுப்பில் வைத்தது தெரிந்துவிட்டது அல்லவா, அதைச் சோதனை செய்பவரிடம் மறைக்காதீர்கள்.

காற்றடிக்கும் அக்கா

கடையில் வாங்கும்போதும் இதைப் பாருங்கள், எல்லோருக்கும் சொல்கிறேன். பழைய தேதியும் புதுப் பெயின்ட்டும் சேர்ந்து வந்தால் எனக்குச் சந்தேகம்தான்.

அலைவிரும்பி (மூன்று வாரம் கழித்து)

நிலவரம் சொல்ல வந்தேன்.

அக்கா சொன்னபடி போன் போட்டேன். மூன்று இடத்தில் கேட்டேன், இரண்டு இடத்தில் 1986 என்றதுமே "வேண்டாம்". மூன்றாவது இடத்தில் "கொண்டு வாங்க, பார்க்கலாம்" என்று இழுத்தார்கள். அந்த இழுவையிலேயே பதில் தெரிந்துவிட்டது. மஞ்சளும் சாம்பலும் டெஸ்ட்டுக்குப் போகவில்லை. பாசிப்பாறை அண்ணா மன்னிக்கணும்.

கறுப்பைச் சோதனை செய்பவரிடம் காட்டி அடுப்புக் கதையைச் சொன்னேன். வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். தோளில் இருந்த 3ஏஎல் எழுத்தின் மேலும் 3000 என்ற எண்ணின் மேலும் வரிசையாக எக்ஸ் எக்ஸ் என்று அடித்து, ஏன் ஒதுக்கினார் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். மாமாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அடுத்துதான் எனக்கு ஆச்சரியம். ஐந்தில் இளையது வெள்ளை, அது நிச்சயம் தேறும் என்று நினைத்திருந்தேன். காற்றை வெளியேற்றி வால்வைக் கழற்றினால் உள்ளேயிருந்து கால் டம்ளர் தண்ணீர். சோதனை செய்பவர் நாக்கில் வைக்கவில்லை, ஆனால் உப்புத் தண்ணீர் என்றார். படுக்கவைத்தே கிடந்திருக்கிறது போல. ஒரு பக்கம் நீளவாக்கில் கோடு போட்ட மாதிரி குழிகள். சுத்தம் செய்து அளந்தார், அளவு தாண்டியது. ஹைட்ரோ வரை போகவே இல்லை.

நீலம் பாஸ்! ரப்பர் பூட்டுக்குள் தூள் இருந்தது, தேய்த்துப் பார்த்ததில் மேலோட்டமான அரிப்புதான். மரையும் சுத்தம். ஹைட்ரோவிலும் நல்ல எண். தோளில் புதுத் தேதி அடித்து வாங்கி வந்துவிட்டேன்.

மூச்சுக்குமிழ்

வெள்ளையில் தண்ணீர் போனது, எப்போதோ ஒருமுறை கடலுக்குள்ளேயே சிலிண்டரைச் சுத்தமாகக் காலி செய்ததால் இருக்கும். உள்ளே பிரஷர் இல்லையென்றால் மூச்சிழுக்கும் ரெகுலேட்டர் வழியாகவோ திறந்த வால்வு வழியாகவோ தண்ணீர் பின்னால் ஏறிவிடும். மேலே வரும்போது கொஞ்சமாவது காற்று மிச்சம் வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

நீலத்தின் வால்வை வருடத்துக்கு ஒருமுறை கழற்றி மாட்டுங்கள். வால்வு பித்தளை, கழுத்து அலுமினியம், நடுவில் உப்பு ஈரம். இரண்டு உலோகமும் சேர்ந்து அரித்து ஒட்டிக்கொள்ளும். சிலிகான் கிரீஸ் மெல்லிசாக, ஓ-ரிங் புதிது, அவ்வளவுதான்.

அலைவிரும்பி

மீதி நான்கின் வால்வுகளை எடுத்து வைத்துக்கொள்ளலாமா? இரண்டு நன்றாக இருக்கின்றன.

மூச்சுக்குமிழ்

தேய்ந்த பாகங்களை மாற்றும் கிட் போட்டுச் சரி செய்து வைக்கலாம். ஆனால் மரை அளவைப் பார்க்காமல் வேறு சிலிண்டரில் மாட்டாதீர்கள். உங்களுடையவை முக்கால் அங்குல மரை. ஐரோப்பிய சிலிண்டர்களில் எம்25 மரை வரும். இரண்டும் கண்ணுக்கு ஒரே மாதிரி. எம்25 வால்வு முக்கால் அங்குலக் கழுத்தில் ஏறிக்கூடக் கொள்ளும், ஆனால் பிடிப்பு இருக்காது. நிரப்பும்போது தோட்டா மாதிரி பறக்கும். வால்வில் அளவை எழுதிக் கட்டி வையுங்கள்.

சுறாமீசை

எடைக்குப் போடும்போது அப்படியே தூக்கிக் கொடுத்துவிடாதே தம்பி. எவனாவது எடுத்துத் தேய்த்துப் பெயின்ட் அடித்து விற்பான். வால்வைக் கழற்றிவிட்டு நடுவில் ஓட்டை போடு. இல்லையென்றால் இரண்டாக வெட்டு. வால்வோடு இருக்கும் மூடிய சிலிண்டரை இரும்புக்கடைக்காரனே தொடமாட்டான், அவனுக்கும் உயிர் பயம் உண்டு.

அலைவிரும்பி

நேற்று முடித்தேன். சாம்பலில் அரை அங்குல ஓட்டை போட ட்ரில்லோடு பத்து நிமிடம் மல்லுக்கட்டினேன், சுவர் நான் நினைத்ததைவிடத் தடிமன். வெள்ளையையும் கறுப்பையும் அறுத்துத்தான் கொடுத்தேன்.

மஞ்சளை மட்டும் வைத்துக்கொண்டேன். அடிப்பகுதியை அறுத்து எடுத்துவிட்டுக் கழுத்தைப் பிடித்துத் தொங்கவிட்டால் மணி மாதிரி ஒலிக்கும் என்று எங்கேயோ படித்தேன். உண்மைதான். மாமாவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தட்டிப் பார்த்துவிட்டு, "கறுப்பு எங்கே?" என்றார்.

பாசிப்பாறை

என்ன சொன்னீர்கள்?

அலைவிரும்பி

டெஸ்ட்டில் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். ஏன் ஒதுக்கினார் என்று எழுதிய தாள் பையில்தான் இருந்தது.